வேலை தேடும் மாற்றுத்திறனாளிகள் அறிமுகங்களை எப்படிப் பயன்படுத்துவது

ஓர் இடம் காலியாகப் போகிறது என்பது விளம்பரம் வருமுன்பே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள்தான் வேலைத் தகவலுக்கு அதிகம் உதவுகிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்? வீடு, சிறப்புப் பள்ளி, சங்கம் என்று வட்டம் சுருங்கிவிட்டால் ஒரே அறிவிப்பு பத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் 30 பெயர்களை எழுதுங்கள். உறவினர் பாதிக்கு மேல் வேண்டாம். கல்லூரி வகுப்புத் தோழர், கணினி வகுப்பு ஆசிரியர், பிசியோதெரபிஸ்ட், அக்காவோடு வேலை செய்பவர் என்று சேருங்கள். பெயருக்கு எதிரே வேலை செய்யும் இடம். உங்கள் வட்டத்தில் வேறு யாரும் இல்லாத இடம் எதுவோ, அங்கே இருப்பவருக்கு முதலில் எழுதுங்கள்.

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் படிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். பி.காம். முடித்திருக்கிறேன், எக்செல் நன்றாகத் தெரியும். பார்வை இல்லை, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக் கணினியில் வேலை செய்கிறேன். உங்கள் கம்பெனியில் கணக்குப் பிரிவில் யாரிடம் பேசலாம்?"

திறமை முன்னால், குறைபாடும் அதைச் சமாளிக்கும் வழியும் பின்னால். இதை அப்படியே ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள். அவர் சொந்த வார்த்தையில் "பாவம், நல்ல பையன்" என்று சொல்லிவிட்டால் வேலைப் பேச்சு உதவிப் பேச்சாகிவிடும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு போதும்.

காது கேளாதவர்களுக்குப் பெரும்பாலும் காரியம் கெடுவது தொலைபேசியில். ஹெச்.ஆர். கூப்பிடுவார், யாரும் எடுக்கமாட்டார்கள், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பயோடேட்டாவில் எண்ணுக்குப் பக்கத்திலேயே "அழைக்க வேண்டாம், வாட்ஸ்அப் செய்யுங்கள்" என்று போடுங்கள்.

சக்கர நாற்காலியில் போகிறவர், நேர்காணலுக்கு முன்பே உள்ளே இருக்கும் அறிமுகக்காரரிடம் மூன்று விஷயம் கேட்கவேண்டும்: வாசலில் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம். கதவு திறந்திருக்கும்போது 90 செ.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. கதவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "பெருசாத்தான் இருக்கு" என்ற பதிலை நம்பிப் போகவேண்டாம்.

பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று யார் கேட்டாலும் விலகிவிடுங்கள், அனுப்பியவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

அரசு வேலைக்குச் சிபாரிசு உதவாது. 4% இடஒதுக்கீட்டுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்கவேண்டும். அங்கே ஏற்கெனவே தேர்வு எழுதிய சீனியர்கள் பயன்படுவது வேறு வகையில்: தேர்வுக்குப் பதிலி எழுத்தர் (நாம் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) பிடிக்க, மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரத்தை விண்ணப்பத்திலேயே கேட்டுவைக்க.

சேர்ந்தபின் வேலை கைவிட்டுப் போவது திறமைக் குறைவால் மட்டுமல்ல. மேலாளர் மாறுவார், பிரிவு மாடிக்குப் போகும், திரைவாசிப்பானுக்கு ஒத்துவராத புது மென்பொருள் வரும். இவற்றை முன்கூட்டியே சொல்ல அலுவலகத்தில் ஒருவராவது வேண்டும். மதியச் சாப்பாட்டைத் தனியே சாப்பிடாதீர்கள். இந்தத் தகவலெல்லாம் அங்கேதான் வரும். தெரிந்ததும் என்ன வேண்டும், ஏன், எப்போதுக்குள் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட்டு, தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்கவேண்டும் என்கின்றன மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2017 விதிகள். அவருக்கும் நகல் அனுப்புங்கள். பயனில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு எழுதும்போது அந்த மின்னஞ்சலைத்தான் இணைக்கவேண்டியிருக்கும்.