சிறுநீர்க் கசிவை மறைக்கப் போய் செய்யும் தவறுகள்

இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் கொஞ்சம் சிறுநீர் கசிகிறது. “பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு இந்தச் சமாதானம்தான். பலருக்கும் இருக்கிறது என்பதற்காகக் காலம் முழுக்கப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவம், நாள்பட்ட மலச்சிக்கல், விடாத இருமல், கூடுதல் எடை, மாதவிடாய் நிற்பது எல்லாம் சேர்ந்து அவற்றைத் தளர்த்துகின்றன.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். அப்போது சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், அவசரம்தான் கூடும். மலமும் இறுகும், முக்கி முக்கித் தசை இன்னும் தளரும். கழிப்பறை வசதி இல்லாத வேலையிடத்தில் நாள் முழுக்க நிற்கும் பெண் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், அந்தத் தவறு அவளுடையதல்ல, முதலாளியுடையது.

“எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்” என்று அரை மணிக்கொரு முறை போவதும் வேண்டாம். பகலில் ஆறேழு முறை போவது சகஜம். அடிக்கடி போனால், கொஞ்சம் நிறைந்தாலே பை அவசரப்படுத்தப் பழகிவிடும். உந்துதல் வந்ததும் பத்து நிமிடம் தள்ளிப்போட்டு, வாரக்கணக்கில் இடைவெளியை மெல்லக் கூட்டலாம்.

அப்புறம் கெகல் பயிற்சி, அதாவது இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. தவறு அதிகம் நடப்பது இதில்தான். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். முழங்காலை மடக்கிப் படுத்து, காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் சேர்த்து அடக்குவதுபோல உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. சிலர் இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள், அது நேர் எதிர் வேலை. சில விநாடி பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு முறை இறுக்கிக்கொள்வதும் உதவும். ஆனால் உறவின்போது வலி, சிறுநீர் வெளியேறத் தொடங்கவே சிரமம் என்றால் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அவர்கள் பிசியோதெரபிஸ்டைப் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

எரிச்சல், அவசரம் என்றதும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது இன்னொரு பழக்கம். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, கூடவே சர்க்கரையும் பாருங்கள். இருமும்போது கசிகிறதா, கழிப்பறைக்குப் போவதற்குள் கசிகிறதா என்பதை டாக்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. கருப்பை கீழே இறங்கும் அடியிறக்கம் என்றாலும் உடனே கருப்பையை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. பயிற்சி உண்டு, உள்ளே வைத்துத் தாங்கும் பெசரி வளையமும் உண்டு.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு விலாப்பக்க வலி, சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.