வியன்னாவில் எங்கே அறை எடுப்பது: கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள்

அறை தேடும் தளங்களில் ஒவ்வொரு விடுதிக்கும் கீழே "நகர மையத்திலிருந்து இத்தனை கி.மீ." என்று ஒரு வரி இருக்கும். வியன்னாவில் அந்த வரியை நம்பிப் பணம் கட்டக் கூடாது. டான்யூப் நதிக்கு அக்கரையில் இருக்கும் கைஸர்மூலன் நிறுத்தத்தில் யு1 ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், அதாவது நகரத்தின் நட்ட நடு. சுமார் பத்து நிமிடம்தான். அதே நேரம், வரைபடத்தில் மையத்தை ஒட்டியிருப்பதுபோல் தெரியும் சில தெருக்களிலிருந்து கிளம்பினால், பேருந்துக்குக் காத்திருந்து, இறங்கி ரயில் மாறிப் போய்ச் சேர இருபது நிமிடம் தாண்டிவிடும்.

இன்னொரு விஷயம்: வியன்னா நகரம் முழுவதும் ஒரே கட்டண மண்டலம். யு-பான் (மெட்ரோ ரயில்; யு1, யு2 என்பவை அதன் பாதைகள்), டிராம், பேருந்து, நகர எல்லைக்குள் ஓடும் எஸ்-பான் (புறநகர் ரயில்) எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். தள்ளித் தங்கினால் டிக்கெட் செலவு ஏறாது. நேரம் மட்டுமே ஏறும். அந்த நேரத்தை அறை எடுப்பதற்கு முன்பே எப்படி அளப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: முகவரியின் நான்கு எண்களைப் படிக்கப் பழகுங்கள்

வியன்னாவில் 23 வட்டங்கள். அஞ்சல் குறியீட்டின் நடு இரண்டு எண்கள்தான் வட்ட எண். 1070 என்றால் ஏழாவது வட்டம், 1150 என்றால் பதினைந்தாவது. முதல் வட்டம் பழைய நகரம். அதைச் சுற்றி ரிங் சாலை. பழைய கோட்டைச் சுவரை இடித்த இடத்தில் 1865-இல் திறந்தது. ரிங்குக்கு வெளியே 3 முதல் 9 வரையிலான வட்டங்கள். அவற்றையும் தாண்டினால் குர்ட்டல் என்ற அகலமான சாலை. அதற்கு வெளியே 10-இல் தொடங்கும் வட்டங்கள். இரண்டாவது, இருபதாவது வட்டங்கள் மட்டும் டான்யூப் கால்வாய்க்கும் டான்யூப் நதிக்கும் நடுவே தீவுபோல் கிடக்கின்றன.

கால்வாய் வேறு, நதி வேறு. "டான்யூப் கரையில்" என்ற விளம்பரம் பெரும்பாலும் எதைச் சொல்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பழைய நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஸ்வேடன்பிளாட்ஸ் சதுக்கத்தை ஒட்டி ஓடுவது கால்வாய்.

இந்தக் குறியீட்டில் ஒரு கண்ணி உண்டு. 1300 என்று பார்த்தால் முப்பதாவது வட்டம் என்று நினைக்க வேண்டாம், அப்படி ஒன்று இல்லை. அது விமான நிலையம். குறியீடு 2 அல்லது 3-இல் தொடங்கினால் நீங்கள் நகரத்திலேயே இல்லை: 2320 ஷ்வெகாட், 2331 ஃபோஸன்டார்ஃப், 3002 புர்கர்ஸ்டார்ஃப். விளம்பரத்தில் "வியன்னா" என்றுதான் இருக்கும், அறையும் மலிவாக இருக்கும். ஆனால் நகர டிக்கெட் அங்கே செல்லாது. தினமும் கூடுதல் மண்டலத்துக்குக் காசு கட்ட வேண்டும்.

படி 2: போகப்போகும் இடங்களை ரயில் பாதையோடு எழுதுங்கள்

தாளை எடுத்து இடத்தின் பெயர், பக்கத்தில் பாதை எண் என்று எழுதுங்கள். ஷோன்ப்ரூன் அரண்மனைக்கு யு4. ஸ்டெஃபான் தேவாலயத்துக்கு யு1, யு3. 1897-இல் அமைத்த ராட்சதச் சக்கரம் நிற்கும் பிராட்டர் பூங்காவுக்கு யு1, யு2. பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், சால்ஸ்பர்க் என்று வெளியூர் போக வேண்டுமானால் ஹௌப்ட்பான்ஹோஃப் என்ற தலைமை ரயில் நிலையம், அதற்கு யு1. எந்த எண் அதிகம் வருகிறதோ அந்தப் பாதையில் தங்குவதுதான் லாபம்.

பாதைகளை நிறத்தால் நினைவு வைக்கலாம்: யு1 சிவப்பு, யு2 ஊதா, யு3 ஆரஞ்சு, யு4 பச்சை, யு6 பழுப்பு. யு5 இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. பழுப்பு யு6 மட்டும் பழைய நகரத்தைத் தொடாமல் குர்ட்டலை ஒட்டியே ஓடுகிறது. அதனால் யு6 மட்டும் இருக்கும் நிறுத்தத்தில் தங்கினால், மையத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ரயில் மாறித்தான் ஆக வேண்டும். "யு-பான் பக்கத்தில்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் எந்த யு என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

படி 3: இரண்டு பாதைகள் சந்திக்கும் நிறுத்தங்களைச் சுற்றித் தேடுங்கள்

ஒரு பாதை பழுதானாலோ பராமரிப்புக்கு மூடினாலோ இன்னொன்று கைகொடுக்கும். வரைபடத்தில் இந்த நிறுத்தங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஏழு நிமிட நடை தூரத்துக்குள், அதாவது சுமார் 500 மீட்டருக்குள், பாருங்கள்.

ஹௌப்ட்பான்ஹோஃப் (10 மற்றும் 4-ஆம் வட்ட எல்லை): யு1-இல் மூன்றே நிறுத்தத்தில் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ். விமான நிலையத்துக்கு நேர் ரயில், சுமார் 15 நிமிடம். புதிய கட்டடங்கள் நிறைய. லிஃப்ட், குளிரூட்டி இருக்க வாய்ப்பு அதிகம். அழகு குறைவு, சௌகரியம் அதிகம். முதல் முறை போகிறவர்களுக்கும் வெளியூர்ப் பயணம் வைத்திருப்பவர்களுக்கும் எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

பிராட்டர்ஷ்டெர்ன் (2): யு1, யு2, எஸ்-பான். ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸுக்கு இங்கிருந்தும் மூன்று நிறுத்தம்தான். நிலையத்துச் சதுக்கத்தில் இரவில் கொஞ்சம் கசமுசாவாக இருக்கும்; நான்கு தெரு தள்ளிப் போனால் அமைதி.

வீன் மிட்டே, அதாவது லாண்ட்ஷ்ட்ராஸ (3): யு3, யு4, எஸ்-பான், விமான நிலைய ரயில். இடம் அருமை, வாடகையும் அதற்கேற்ப.

வெஸ்ட்பான்ஹோஃப் (15 மற்றும் 7 எல்லை): யு3, யு6. ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸுக்கு ஐந்து நிறுத்தம். மாரியாஹில்ஃபர் கடைத்தெரு வாசலிலேயே தொடங்குகிறது. நிலையத்துக்குப் பின்பக்கம், பதினைந்தாவது வட்டத்தில், அதே வசதி குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்.

லேங்கன்ஃபெல்ட்காஸ (12): யு4, யு6. பெயர் யாருக்கும் தெரியாததால் விலை ஏறவில்லை. ஷோன்ப்ரூன் பக்கத்திலேயே. யு4-இலிருந்து யு6-க்கு மாற எதிர் நடைமேடைக்கு நாலு எட்டு வைத்தால் போதும், படியேற வேண்டாம்.

ஏழாவது, எட்டாவது வட்டங்கள் பார்க்க மிக அழகானவை; காபிக் கடைகளும் அங்கேதான். ஆனால் யு-பான் அவற்றின் ஓரங்களைத்தான் தொடுகிறது. நடுப்பகுதிக்கு டிராமும் 13ஏ பேருந்தும்தான். பெட்டி இல்லாமல் திரிகிறவர்களுக்கு அது குறையே இல்லை.

படி 4: வாசலிலிருந்து வாசல்வரை மூன்று முறை சோதியுங்கள்

விடுதியின் சரியான முகவரியை வீன்மொபில் செயலியிலோ கூகுள் வரைபடத்திலோ போட்டு, போக வேண்டிய இடத்தையும் கொடுத்து, புறப்படும் நேரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள்: செவ்வாய் காலை 9 மணி, செவ்வாய் இரவு 12:45, ஞாயிறு காலை 6:30.

முதல் சோதனை எல்லா இடத்துக்கும் நன்றாகவே வரும். பகலில் யு-பான் சில நிமிடங்களுக்கு ஒன்று. குட்டு உடைவது இரண்டாவதில். ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளில் யு-பான் சுமார் 12:30-க்கு நின்றுவிடும். பிறகு N என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் கொண்ட இரவுப் பேருந்துகள்தான், பெரும்பாலும் அரை மணிக்கு ஒன்று. 2010 செப்டம்பர் முதல் வெள்ளி, சனி இரவுகளிலும் விடுமுறைக்கு முந்தைய இரவுகளிலும் யு-பான் விடிய விடிய கால் மணிக்கு ஒரு முறை ஓடுகிறது. சனிக்கிழமையை வைத்துச் சோதித்துவிட்டு "இரவிலும் ரயில் இருக்கிறது" என்று முடிவு கட்டுவது பலர் செய்யும் தவறு.

விடையில் மொத்த நிமிடத்தை மட்டும் பார்க்காதீர்கள். நடை எவ்வளவு, எத்தனை முறை மாற வேண்டும் என்பதையும் குறியுங்கள். மாறுதல் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். கார்ல்ஸ்பிளாட்ஸ் போன்ற பெரிய நிலையத்தில் சுரங்கப் பாதையில் நடந்தே அவ்வளவு போய்விடும்.

வேலை நடக்கும் இடங்களையும் பாருங்கள். யு2 பாதையைத் தெற்கே நீட்டும் பணி நொய்பௌகாஸ, பில்கிராம்காஸ, ரைன்ப்ரெக்ட்ஸ்டார்ஃபர் ஷ்ட்ராஸ, மாட்ஸ்லைன்ஸ்டார்ஃபர் பிளாட்ஸ் வழியாகப் போகிறது. இந்தப் பெயர்களுக்கு அருகில் அறை என்றால் காலையில் துளை போடும் சத்தம் கேட்குமா என்று அண்மைய விமர்சனங்களில் தேடுங்கள். மெய்ட்லிங்கிலிருந்து ஃப்ளோரிட்ஸ்டார்ஃப் வரையிலான எஸ்-பான் முதன்மைப் பாதையையும் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கிறார்கள். எஸ்-பானை மட்டும் நம்பும் இடமென்றால், நீங்கள் தங்கும் தேதியைப் போட்டே பாருங்கள்.

படி 5: கட்டடத்தை விசாரியுங்கள்

இடம் சரியாக அமைந்தும் பயணம் கெடுவது இங்கேதான்.

மாடிக் கணக்கு: நூறு வருடத்துக்கு மேல் பழைய வியன்னா வீடுகளில் "முதல் மாடி" முதல் மாடியாகவே இருக்காது. தரைத்தளத்துக்கு மேல் ஹோக்பார்ட்டேர், அதற்கு மேல் மெஸ்ஸனீன், அதன்பிறகுதான் ஒன்றாம் மாடி என்று எண்ணும் கட்டடங்கள் உண்டு. கூரையும் உயரம். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை என்றால் நம் கணக்கில் ஐந்து மாடி ஏற வேண்டியிருக்கலாம். லிஃப்ட் இருந்தாலும் அரை மாடி ஏறிய பிறகுதான் அதன் கதவு வரும் வீடுகளும் இருக்கின்றன. பெரியவர்களோடு போகிறீர்களா? "தெருவாசலிலிருந்து அறைக்கதவு வரை எத்தனை படி?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். "லிஃப்ட் உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்ற பதில்தான் வரும்.

சத்தம்: அறை தெருப் பக்கமா, உள்முற்றப் பக்கமா? ஜெர்மன் விளம்பரத்தில் ஹோஃப்ஸைட்டிக் என்றிருந்தால் முற்றப் பக்கம், ஷ்ட்ராஸன்ஸைட்டிக் என்றால் தெருப் பக்கம். குர்ட்டல் சாலையில் பல வரிசையாக வண்டிகள் ஓடும், நடுவே உயர்ந்த வளைவுப் பாலத்தில் யு6 போகும். அங்கே முற்றப் பக்கம் கிடைக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். டிராம் வளையும் தெருமுனையும் அப்படித்தான், விடிகாலையிலேயே இரும்பு கிறீச்சிடும்.

வெப்பம்: ஐரோப்பா குளிர்தானே என்று ஜூலையில் மேல்மாடி அறை எடுக்காதீர்கள். கோடையில் 35 டிகிரி வரை போகும். பழைய வீடுகளில் குளிரூட்டி அரிது. கூரைக்கு அடியில் இருக்கும் அறை இரவிலும் ஆறாது, சன்னலைத் திறந்தால் தெருச் சத்தம் உள்ளே வரும்.

ஞாயிற்றுக்கிழமை: பல்பொருள் அங்காடிகள் சனி மாலை 6 மணிக்கு மூடினால் திங்கள் காலைதான். சமையலறை உள்ள வீடு எடுத்துச் சைவமாகச் சமைத்துக்கொள்ள நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலை வந்திறங்கினால் அரிசி பருப்புக்குத் திண்டாட வேண்டும். ஹௌப்ட்பான்ஹோஃப், பிராட்டர்ஷ்டெர்ன் போன்ற நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும். தண்ணீர் வாங்கவே வேண்டாம். குழாயில் வருவது மலை ஊற்று நீர்.

படி 6: மலிவு உண்மையிலேயே மலிவா?

தள்ளி இருக்கும் அறை ஒரு பயணத்துக்கு 20 நிமிடம் அதிகம் எடுக்கிறது என்று வையுங்கள். போக வர இரண்டு முறை, ஐந்து நாள்: 20 × 2 × 5 = 200 நிமிடம், மூன்றே கால் மணிக்கு மேல். அதாவது ஒரு அரண்மனை பார்க்கும் நேரம். மதியம் குழந்தை தூங்க அறைக்கு வந்துபோகும் வழக்கம் இருந்தால் நான்கால் பெருக்க வேண்டும், 400 நிமிடம். இரவுக்கு 10 யூரோ மிச்சமென்றால் இந்தப் பேரம் நட்டம். இரவுக்கு 50 யூரோ என்றால் யோசிக்கலாம். விலையை ஒப்பிடும்போது சுற்றுலா வரி சேர்ந்ததா என்று கடைசித் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பணம் கட்டும் முன்

தனியார் வீடுகளுக்கு வியன்னாவில் 2024 ஜூலை முதல் புதிய விதி: தனி அனுமதி இல்லாமல் ஒரு வீட்டை ஆண்டுக்கு 90 நாளுக்கு மேல் குறுகிய வாடகைக்கு விடக் கூடாது. அனுமதி இல்லாத வீட்டில் முன்பதிவு செய்தால் கடைசி நேரத்தில் ரத்தாகும் ஆபத்து உங்களுக்குத்தான். விமர்சனமே இல்லாத, வருடம் முழுக்கக் காலியாகத் தெரியும் வீட்டைத் தவிர்ப்பது நல்லது. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பதால், விசா கைக்கு வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய முன்பதிவையே எடுங்கள்.

முகவரி 12/2/14 என்று வந்தால் 12 வீட்டு எண், 2 மாடிப்படிக்கட்டின் எண், 14 கதவு எண். நடு எண்ணைக் கவனிக்காமல் தவறான படிக்கட்டில் பெட்டியோடு ஏறி இறங்குவது வியன்னாவில் வாடிக்கை.

டிக்கெட்: நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. அதனால் இலவசம் என்று பொருளல்ல. காகித டிக்கெட்டை நுழைவிடத்தில் இருக்கும் சிறிய பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் இல்லாத டிக்கெட்டும் சோதனையாளருக்கு ஒன்றுதான். அபராதம் நூறு யூரோவுக்கு மேல்.

விமான நிலையம் நகர மண்டலத்துக்கு வெளியே. உங்கள் நகர டிக்கெட் எல்லைவரை செல்லும், மீதிக்கு மட்டும் கூடுதல் டிக்கெட் எடுத்தால் எஸ்7 என்ற எஸ்-பானிலோ ஹௌப்ட்பான்ஹோஃபிலிருந்து ரயில்ஜெட் விரைவு ரயிலிலோ போகலாம். வீன் மிட்டேயிலிருந்து எஸ்7 சுமார் 25 நிமிடம். பச்சை நிறத்தில் பளபளவென்று நிற்கும் சிட்டி ஏர்போர்ட் டிரெய்ன் (CAT) 16 நிமிடத்தில் போகும், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், நகர டிக்கெட் செல்லாது. திரும்பும் விமானம் விடிகாலை என்றால் முதல் ரயில் எத்தனை மணிக்கு என்பதை அறை எடுக்கும்போதே பாருங்கள். அது நேரத்துக்கு உதவாவிட்டால் கடைசி இரவை மட்டும் 1300 குறியீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.