24 வோல்ட் தவறி ஏறினாலும் ஏ.டி.சி. பிழைக்க வேண்டும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) கழிவுநீரை அளந்து பதிவு செய்யும் லாகர் போர்டுகளைச் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். செத்து வரும் போர்டுகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: அளவை 4–20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் ஃப்ளோ மீட்டரின் வயரைக் கழற்றி மாட்டும்போது 24 வோல்ட் சப்ளை நேராக இன்புட்டில் ஏறியிருக்கும். 3.3 வோல்ட்டில் ஓடும் பல சிப்புகளுக்கு, ஏ.டி.சி. (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) பின்னில் சப்ளையைவிட 0.3 வோல்ட் கூடினாலே எல்லை தாண்டியதாகக் கணக்கு.

முதலில் வயர் மாட்டும் இன்புட் முனையைப் பாருங்கள். மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்றும் 150 ஓம் சென்ஸ் ரெசிஸ்டரில் 20 மில்லி ஆம்பியருக்கு 3 வோல்ட் வரும். அதே ரெசிஸ்டர் மேல் 24 வோல்ட் விழுந்தால் 160 மில்லி ஆம்பியர், 3.84 வாட், கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். முன்னால் 50 மில்லி ஆம்பியர் பி.டி.சி. ஃபியூஸ் (சூடானால் தடை கூடி, ஆறினால் பழைய நிலைக்கு வருவது) ஒன்று போடுங்கள். அது சூடாகித் தடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால் ரெசிஸ்டரையும் 2 வாட்டாகவே வாங்குங்கள். இடி மின்னல் சர்ஜுக்கு முனையை ஒட்டியே டி.வி.எஸ். டையோடு, அதாவது திடீர் உயர் வோல்ட்டை அடக்கும் டையோடு.

அடுத்து ஏ.டி.சி. பின்னுக்குப் போகும் வழியில் 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டர், அதற்கு அடுத்து பிஏடி54எஸ் ஷாட்கி டையோடு ஜோடி: ஒன்று கிரவுண்டுக்கு, மற்றது 3.3 வோல்ட் சப்ளை லைனுக்கு. அதற்கும் பிறகு 1 கே, பின்னருகே 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். 24 வோல்ட் வந்தாலும் 10 கே வழியே ஓடுவது சுமார் 2 மில்லி ஆம்பியர்தான். 3.3 வோல்ட் ஜீனர் டையோடைப் பின்னில் போடாதீர்கள்; அது 2 வோல்ட்டிலேயே கசியத் தொடங்கி அளவைக் கெடுக்கும். ஷாட்கியும் சூட்டில் கசியும். வேலூர் மே மாத வெயிலில் தகரப் பேனலுக்குள் இருக்கும் போர்டில் 1 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால், 10 கே மேல் 10 மில்லிவோல்ட். 12 பிட் ஏ.டி.சி.யில் 12 எண்ணிக்கை பிசகும். பேனலை மூடி வைத்து, மதியத்தில் ஒருமுறை அளவைச் சரிபாருங்கள்.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். டையோடு வழியாக வெளியேறிய மின்னோட்டம் 3.3 லைனுக்குள் அல்லவா போகிறது? சாதாரண ரெகுலேட்டர் மின்னோட்டத்தைக் கொடுக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளாது. எட்டுச் சேனலிலும் 24 வோல்ட் ஏறினால் 16 மில்லி ஆம்பியர். போர்டு ஸ்லீப்பில் 1 மில்லி ஆம்பியர்கூட இழுக்காத நேரத்தில் லைன் மேலேறி, மற்ற சிப்புகளையும் சேர்த்துக் கொல்லும். லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே டிஎல்431 சிப் ஒன்றை ஷண்ட்டாக (மிச்ச மின்னோட்டத்தைக் கிரவுண்டுக்குத் திருப்பும்படி) போடுங்கள், அதன் வோல்ட்டை முடிவு செய்யும் ரெசிஸ்டர்களாக மேலே 3.9 கே, கீழே 10 கே வைத்தால் 3.47 வோல்ட்டில் அது மிச்சத்தை விழுங்கும். சில ரூபாய் செலவுதான். என் போர்டு எதிலும் இதை விடுவதில்லை.

சைட்டுக்கு எடுத்துப் போகும் முன் பெஞ்ச் சப்ளையில் இன்புட்டை மெதுவாக 24 வரை ஏற்றி, மல்டிமீட்டரைப் பின்னிலும் 3.3 லைனிலும் மாற்றி மாற்றி வையுங்கள். போர்டை அணைத்துவிட்டும் இதையே செய்யுங்கள், ஏனென்றால் அப்போது டையோடு வழியே வரும் மின்சாரம் சிப்பை அரைகுறையாக எழுப்பப் பார்க்கும். ஒரு சேனலில் மட்டும் 24 வோல்ட் கொடுத்து, அணைத்த போர்டின் லைனில் 1 வோல்ட்டுக்கு மேல் நின்றால், 3.3 லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 470 ஓம் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள்.