பீரோ மேல் இருக்கும் மஞ்சப்பையை போனுக்குள் கொண்டுவருவது எப்படி?

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அப்பாவை அவசரமாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. காப்பீட்டு பாலிசி, பழைய ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் மூன்றும் கேட்டார்கள். மூன்றும் வீட்டில் பீரோ மேல் மஞ்சப்பைக்குள். எந்தக் கவரில் எது இருக்கிறது என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அம்மாவோ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறார். வீட்டில் இருந்த தம்பி பையைத் தரையில் கொட்டி, வீடியோ காலில் ஒவ்வொரு காகிதமாகக் காட்ட, அம்மா "அது இல்லடா, நீலக் கவர்" என்று சொல்ல, நாற்பது நிமிடம் போய்விட்டது. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அந்த நாற்பது நிமிடம் எங்கள் வீட்டில் இனி வரக்கூடாது என்று நான் உட்கார்ந்து செய்த வேலையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு ஆண்ட்ராய்டு போனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும்.

படி 1: முதலில் காகிதத்தைப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் பாயில் கொட்டி ஆள்வாரியாகப் பிரியுங்கள்: அப்பா, அம்மா, நான், தம்பி, அப்புறம் 'வீடு' என்று ஒரு குவியல். வீட்டு வரி, கரண்ட் பில், பத்திரம், பட்டா எல்லாம் வீட்டுக் குவியலில் போகட்டும். இதற்கு மேல் பிரிக்காதீர்கள். நான் முதலில் 'மருத்துவம்', 'கல்வி', 'வங்கி' என்று பதினான்கு ஃபோல்டர் போட்டேன், அப்பாவின் மருத்துவமனை பில்லுக்கான காப்பீட்டுக் கடிதத்தை எதில் வைப்பது என்று அங்கேயே நின்றுவிட்டது வேலை. ஆள் பெயரில் ஐந்து ஃபோல்டர் போதும்.

படி 2: ஸ்கேன்

நான் கூகுள் டிரைவ் செயலியிலேயே இருக்கும் ஸ்கேன் வசதியைத்தான் சொல்வேன். தனியாக ஒரு ஸ்கேனர் செயலியை இறக்கினால் பாதிக்கு மேல் விளம்பரம், சிலவற்றில் பக்கத்தின் அடியில் அவர்கள் பெயர் முத்திரை வேறு. டிரைவில் விளிம்பைத் தானாகப் பிடித்து, நிழலை நீக்கி, நேராக பிடிஎஃப் ஆக்கிவிடும்.

காலையில் ஜன்னல் ஓரமாக, கருநீலப் போர்வையோ கறுப்புத் துணியோ விரித்து, அதன் மேல் காகிதத்தை வையுங்கள். வெள்ளை டைல்ஸ் மேல் வைத்தால் காகிதத்தின் விளிம்பு செயலிக்குப் பிடிபடாது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், முத்திரை இருக்கும் இடம் வெளுத்துவிடும். பத்திரம் என்றால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுங்கள். சார்பதிவாளர் அலுவலக முத்திரையும் கையெழுத்தும் பல பத்திரங்களில் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஒரு பத்திரத்தின் எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப்பில் இருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரு கோப்பு ஆகிவிட்டால் பிறகு கோர்ப்பது பெரிய வேலை.

மருந்துக்கடை ரசீதும் ஏடிஎம் சீட்டும் வெப்பத்தில் அச்சாகும் காகிதம் என்பதால் எழுத்து மங்கிப்போகும். எங்கள் பையில் இருந்த ஃபிரிட்ஜ் ரசீது வாரண்டி முடிவதற்கு முன்பே வெறும் வெள்ளைச் சீட்டாகியிருந்தது. அதனால் இவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

படி 3: பெயர் வைப்பது

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஸ்கேன் எல்லாம் முடித்து, 05-11-2018 என்று நாம் எழுதும் வழக்கப்படி தேதி போட்டுப் பெயர் வைத்தேன். திறந்து பார்த்தால் எல்லா வருடத்து 5-ஆம் தேதிகளும் ஒன்றாக, 6-ஆம் தேதிகள் ஒன்றாக நின்றன. கணினி பெயரை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடுக்குகிறது, அதற்கு அது தேதி என்று தெரியாது. வருடம் முன்னால், பிறகு மாதம், பிறகு நாள் என்று 2018-11-05 ஆக எழுதினால் தானாகவே காலவரிசையில் வந்துவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறையும் இதுதான். ஒற்றை இலக்க மாதத்துக்கு முன்னால் பூஜ்யம் அவசியம், இல்லாவிட்டால் சில செயலிகளில் 10-ஆம் மாதம் 8-ஆம் மாதத்துக்கு முன்னால் போய் நிற்கும்.

சரி, தேதி முடிந்தது. அடுத்து சொல். 'சொத்து வரி', 'கிரயப் பத்திரம்', 'மின் கட்டணம்' என்று காகிதத்தில் அச்சிட்டிருந்தபடியே எழுதிவிட்டு, அம்மாவிடம் போனைக் கொடுத்து, "வீட்டு வரி ரசீதை எடுங்க பாப்போம்" என்றேன். அம்மா 'வீட்டு வரி' என்று குரலில் தேடினார், ஒன்றும் வரவில்லை. தம்பி 'இன்சூரன்ஸ்' என்று தேடினான், நான் வைத்த பெயரோ 'காப்பீடு'. என் ஒழுங்கு எனக்கு மட்டும் புரிகிற ஒழுங்காக இருந்தால், அம்மா நினைவில் இருந்த மஞ்சப்பைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மறுபடி உட்கார்ந்து அத்தனையையும் மாற்றினேன். வீட்டில் எல்லோரும் வாயால் என்ன சொல்கிறார்களோ அந்தச் சொல்தான் கோப்பின் பெயர். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள்:

2023-08-14 அப்பா இன்சூரன்ஸ் காப்பீடு பாலிசி
2024-04-20 வீடு வீட்டு வரி ரசீது

நீளமாக இருந்தால் பரவாயில்லை. விண்ணப்பத் தளங்களில் பதிவேற்றும்போது தமிழ்ப் பெயரையோ இடைவெளியையோ ஏற்காமல் பிழை காட்டினால், ஒரு நகலுக்கு மட்டும் ஆங்கிலத்தில் சிறிய பெயர் கொடுத்து ஏற்றுங்கள்.

படி 4: டிஜிலாக்கர்

ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், ஆர்சி இவற்றை ஸ்கேன் செய்வதோடு நிறுத்தாமல், 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த டிஜிலாக்கர் என்ற ஆவணச் செயலியிலும் எடுத்து வையுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. சம்பந்தப்பட்ட துறையே நேரடியாகத் தரும் ஆவணம் ஒன்று, அதற்கு 2016 விதிகளின்படி அசல் ஆவணத்துக்குச் சமமான மதிப்பு. நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது இன்னொன்று, அது வெறும் நகல். வண்டியை நிறுத்திக் கேட்கும்போது காட்ட வேண்டியது முதல் வகையை.

நம் ஊர்க்காரர்கள் இங்கே மாட்டுவது இனிஷியலில். பானில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும், ஆதாரில் வெறும் இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று பான் வரவே வராது. தம்பிக்கு அப்படித்தான் ஆனது. ஆதாரில் இருக்கும் பெயரையே அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்தச் சொல்வேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதோடுதான்.

படி 5: பகிர்வது

ஐந்து ஃபோல்டரையும் வீட்டில் மற்றவர்களுக்குப் பகிருங்கள். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் தெரியாமல் அழிந்துபோகாது. பாலிசி, ஆதார், ரத்த வகை, கடைசி ரிப்போர்ட் என்று அவசரத்துக்கு வேண்டியவற்றை மட்டும் ஒவ்வொரு போனிலும் ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனைத் தரைத்தளத்தில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி, ஆனால் ஜிமெயில், போட்டோக்கள், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். போட்டோ நிறைந்திருந்தால் முதலில் அதைக் குறையுங்கள்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அம்மாவிடம் மறுபடி போனைக் கொடுத்தேன். 'வீட்டு வரி' என்றார். வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேதியையும் தொகையையும் வாய்விட்டுப் படித்தார்.

பிற்சேர்க்கை: இறக்கிய இ-ஆதார் கோப்பு கடவுச்சொல் கேட்கிறது, திறக்கவில்லை என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஆதாரில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, கூடவே பிறந்த வருடத்தை நான்கு இலக்கமாகச் சேர்க்க வேண்டும். இனிஷியல் முன்னால் இருந்தால் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும், அதாவது இனிஷியல், புள்ளி, பெயரின் முதல் இரண்டு எழுத்து, வருடம். இடைவெளி கிடையாது.

இன்னொருவர் பழைய பத்திரங்களை லேமினேட் செய்துவிடலாமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது, பின்னால் ஒரு முத்திரையோ கையெழுத்தோ போடவும் இடமிருக்காது. ஏற்கெனவே செய்திருந்தால் அப்படியே விட்டுவிட்டு, பளபளப்பு தெரியாதபடி ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு வைத்து ஸ்கேன் எடுங்கள்.