வாடகை வீடு பார்க்கும்போதே கரண்ட் பில்லைக் கணிப்பது எப்படி?

சென்னையில் வீடு தேடும்போது வாடகை, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ் எல்லாவற்றையும் கேட்டு விடுகிறோம். கரண்ட் பில் மட்டும் குடிபோன பிறகுதான் தெரிய வருகிறது. அதையும் முன்கூட்டியே ஓரளவு கணித்துவிடலாம்.

படி 1: சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள்

புரோக்கர் காலையில் கூப்பிட்டால், இன்னொரு முறை மாலையிலும் வருகிறேன் என்று சொல்லுங்கள். பெட்ரூமின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை சுட்டால், அந்தச் சூடு ராத்திரி வரைக்கும் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மேல் மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கும் ஏறுங்கள். வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டிருக்கிறார்களா, வெறும் சிமென்ட் தளமா? வெறும் தளம் என்றால், வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக மட்டும் அந்த வீட்டை எடுக்க வேண்டாம் என்பேன்.

படி 2: 500 யூனிட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுக்கும் சலுகை குறைகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதன் பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. இன்றைய விகிதத்தை மின்வாரியத் தளத்தில் பார்த்து இதே மாதிரி போட்டுப் பாருங்கள்.

ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமாராக ஒரு யூனிட் இழுக்கும். தினமும் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். சுவர் சூட்டால் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடினாலே ஏசி மட்டும் 500-ஐத் தாண்டிவிடும். நாலு மணிக்குப் போகச் சொன்னது இதற்குத்தான்.

படி 3: மீட்டரைப் பாருங்கள்

உங்கள் வீட்டுக்குத் தனி ஈபி மீட்டரா, ஓனர் வைத்த சப் மீட்டரா என்று முதலில் கேளுங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் சொல்வார்கள். இலவச 100 யூனிட் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. தனி மீட்டர் இருக்கும் வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடக் கொடுப்பதே மேல்.

தனி மீட்டர் என்றால் ஒரு சின்ன சோதனை. வீட்டு மெயினை ஆஃப் செய்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். தொடர்ந்து மினுக்கினால் மாடிப்படி லைட்டோ தண்ணீர் மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.

படி 4: பழைய பில்லைக் கேளுங்கள்

ஏப்ரல், மே மாத பில்தான் வேண்டும். டிசம்பர் பில்லைக் காட்டினால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முன்பு இருந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை ஏசி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 5: பொதுக் கரண்ட்

லிப்ட், மோட்டார் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா என்று கேளுங்கள். பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு இந்தக் கட்டணத்தை 2023-இல் யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். சின்ன அபார்ட்மென்ட் என்றால் அந்தச் சலுகை வாங்கியிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால், சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அக்ரிமென்ட்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.