குடிமீட்புக் குழுவுக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

முதன்முதலில் மீட்டிங்குக்குப் போன அன்று கதவை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். முடிகிற நேரம் பார்த்து எல்லோருக்கும் முன்னால் நழுவினேன். வாசலில் ஒரு பெரியவர் மடித்த துண்டுச்சீட்டைச் சட்டைப் பையில் செருகினார். உள்ளே குழுவினர் மூன்று பேரின் போன் நம்பர்கள். சட்டையோடு சீட்டும் துவைக்கப் போய்விட்டது. அதன்பின் நாலு மாதம், "இந்தக் குழுவெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று சொல்லிக்கொண்டே குடித்தேன். இத்தனைக்கும் நான் போனது ஒரே ஒரு மீட்டிங்.

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஒரே பெயரில் நடந்தாலும் எல்லா மீட்டிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் ஒருவரே தன் கதையைச் சொல்வார், இன்னொன்றில் புத்தகம் வாசித்துப் பேசுவார்கள், வேறொன்றில் வரிசையாக எல்லோரும் நாலு வார்த்தை சொல்வார்கள். ஒத்துவரவில்லையா, வேறு இடம், வேறு நேரம் என்று ஐந்தாறாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேச வராதே என்ற பயமும் வேண்டாம். "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. 'குடித்துவிட்டு எப்படி அங்கே போவது, முதலில் நிறுத்திவிட்டுப் போவோம்' என்று நினைத்து, வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாதது தெரிவது, உடல் உதறல் என்று 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்ற ஆபத்தான நிலை வரை போகலாம். காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கிளாஸ் வேண்டியிருக்கிறது என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். குழுவால் வலிப்பைத் தடுக்க முடியாது. நிறுத்திய பிறகுதான் குழுவுக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிமீட்புக் குழு, சுருக்கமாக ஏஏ, உறுப்பினராகக் கேட்பது குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றைத்தான். கட்டணமும் கிடையாது. வாடை அடிக்கிற நிலையில் வந்தாலும் அமைதியாக உட்கார்ந்து கேட்கலாம்.

இதே வரிசையில் இன்னொன்று: குழுவில் யாரோ சொன்னார் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது. ஸ்பான்சர் என்பவர் நமக்கு முன்னால் குடியை விட்டு, அந்தப் பாதையைக் காட்டுகிறவர். அவர் டாக்டரும் இல்லை, கடன் கொடுக்கிறவரும் இல்லை.

கடவுள் பேச்சு வருகிறதே என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. ஏஏ-யின் மீட்பு வழியான பன்னிரண்டு படிகளில் மூன்றாவதும் பதினொன்றாவதும் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' கடவுள் என்றுதான் சொல்கின்றன. அதுவும் உறுத்தினால் ஸ்மார்ட் ரிகவரி மாதிரி, 1994-ல் தொடங்கிய, கடவுள் பேச்சில்லாத குழுக்கள் இருக்கின்றன. ஆன்லைனிலும் நடக்கின்றன. 'நாலு பேர் பேசுவதால் என்ன ஆகிவிடும்' என்பவர்களுக்கு ஒரு தகவல்: 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல், மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, ஏஏ-யோடு இணைத்துவிடும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தது என்கிறது.

'நான் அவ்வளவு மோசமில்லை' என்ற ஒப்பீடுதான் எனக்குப் பெரிய எதிரி. ஒருவர் கழிப்பறைத் தொட்டிக்குள் பாட்டிலை ஒளித்ததைச் சொன்னபோது உள்ளுக்குள் சிரித்தேன். என்னுடையது பரணில், ஷூ பெட்டிக்குள் இருந்தது.

வீட்டாரைக் கூட்டிப் போவதானால் ஓபன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குளோஸ்டு மீட்டிங் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கென்றே 1951-லிருந்து அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. திரும்பி வந்தவரிடம் "யார் யார் வந்திருந்தார்கள்?" என்று வீட்டில் துருவக் கூடாது. அங்கே கண்டதையும் கேட்டதையும் அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம்.

சரி, அந்தத் துண்டுச்சீட்டு நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். மனசு நன்றாக இருக்கிற நாளிலேயே ஒரு தடவை போன் போட்டுப் பழகுங்கள். தவிப்பு முற்றிய ராத்திரியில் முதல்முறையாக ஒரு அந்நியரைக் கூப்பிட யாருக்கும் கை வராது. ஏஏ பிறந்ததே போன் காலில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், தொழில் முயற்சி தோற்று ஹோட்டல் வரவேற்பறையில் நின்ற, குடியை விட்டிருந்த பில் வில்சனைப் பக்கத்து பார் இழுத்தது. உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடிப் போன் போட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏஏ.

கடைசித் தவறு, சறுக்கிக் குடித்தபின் 'இனி எந்த முகத்தோடு போவது' என்று நின்றுவிடுவது. பாப் ஸ்மித்தும் பில்லைச் சந்தித்துக் குடியை நிறுத்தியபின், மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. நாலு மாதம் கழித்து நான் திரும்பிப் போனபோது, எங்கே போயிருந்தாய் என்று அந்தப் பெரியவர் கேட்கவில்லை. நம்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.