மெஸ்ஸில் நாலு குழம்பு ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் அசைவ மெஸ் ஒன்றில் உட்கார்ந்தால், ஒரே சாப்பாட்டுக் காசில் நாலைந்து குழம்பு கிடைத்துவிடும். கோழி, ஆட்டுக்கறி, நண்டு, மீன் என்று வாளி வாளியாக இலைக்கு வரும். துண்டு இருக்காது, வெறும் குழம்புதான். ஆனால் எந்த வீட்டில் ஒரே நாளில் இத்தனை குழம்பு வைக்கிறார்கள்? அதை ருசி தெரியாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பெரிய தவறு முதல் நிமிடத்திலேயே நடந்துவிடுகிறது. முதலில் வந்த குழம்பை மொத்தச் சோற்றிலும் ஊற்றிப் பிசைந்துவிடுகிறோம். அடுத்த வாளி வரும்போது இலையில் வெள்ளைச் சோறே மிச்சமில்லை. அதன் மேலேயே மீன் குழம்பும் விழுகிறது. அப்புறம் அது கோழியும் இல்லை, மீனும் இல்லை. சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஒரு கைப்பிடி மட்டும் முன்னால் இழுத்து, நடுவில் குழி பறித்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி விழுந்ததும் போதும் என்று கையைக் காட்டுங்கள். மறுபடி கேட்டால் தாராளமாக ஊற்றுவார்கள்.

எந்த வாளி முதலில் வருகிறதோ அதை வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. "அண்ணே, மீன் குழம்பு கடைசியா வாங்கிக்கிறேன்" என்றால் சரி என்று நகர்ந்துவிடுவார். கறிக்குழம்பில் சோம்பு, பட்டை, கிராம்பு, தேங்காய் எல்லாம் இருக்கும். புளிப்பு என்றால் தக்காளிப் புளிப்புதான். மீன் குழம்பு அப்படியில்லை, புளியும் வெந்தயமும் சேர்ந்தது. அந்தப் புளிப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டால், எலும்பின் சாறு இறங்கிய ஆட்டுக்கறிக் குழம்புகூட சப்பென்று தெரியும். கோழி, ஆட்டுக்கறி, நண்டு, மீன், ரசம், மோர் என்பது என் வரிசை. கருவாட்டுக் குழம்பு இருந்தால் மீனுக்கும் பிறகுதான்.

வாளியையும் ஒரு கண் பாருங்கள். எண்ணெய் மேலே மிதக்கும், அரைத்த மசாலா அடியில் தங்கிவிடும். அவசரத்தில் மேலாக மொண்டு ஊற்றினால் சிவப்பாக எண்ணெயும் தண்ணீருமாகத்தான் விழும். "குழம்பு நீர்த்துப் போயிருக்கு" என்று குறை சொல்வதற்கு முன்னால், "அடியில கலக்கி ஊத்துங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அதே வாளியிலிருந்து வேறு குழம்பு வரும்.

அடுத்து தொடுகறித் தட்டு. சுக்கா, ஈரல், குடல், கோலா உருண்டை, காடை என்று சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்கி ஒரு பெரிய தட்டை முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். பசியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டக் கூடாது. நாங்கள் மூன்று பேர் ஒரு கடையில் விலை கேட்காமல் ஆளுக்கு இரண்டு கிண்ணம் எடுத்தோம். சாப்பாட்டை விடத் தொடுகறிக்குத்தான் அதிகம் கொடுத்தோம். ஒவ்வொன்றின் விலையையும் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். மூன்று பேருக்கு வேறு வேறாக இரண்டு கிண்ணம் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் தாராளம். அயிரை மீன் குழம்பு தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தாலும் வாங்கலாம். விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீனை உயிரோடு பாலில் விட்டு, அது மண்ணைக் கக்கிய பிறகு முழுசாகப் போட்டு வைக்கிற குழம்பு அது. அந்த மெனக்கெடலுக்கே கொடுக்கலாம்.

"காரம் கம்மியா போட்டுக் கொடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. குழம்பெல்லாம் காலையிலேயே கொதித்து இறங்கியாயிற்று. எதில் காரம் குறைவு என்று கேட்டு அதில் தொடங்கலாம். காரம் ஏறிவிட்டால் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடியுங்கள்.

இரவு பரோட்டாக் கடையில் சால்னாவைத் தொட்டுவிட்டு, அந்தக் கடையின் கறிக்குழம்பே இவ்வளவுதான் என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. சால்னா வேறு, குழம்பு வேறு. பிய்த்துப் போட்ட பரோட்டாவில் ஊற வேண்டும் என்றே அதை நீர்க்க வைக்கிறார்கள். குழம்பைத் தெரிந்துகொள்ள மதியச் சாப்பாட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் ஒன்றரை மணிக்குள். மூன்று மணிக்கு மேல் அடிவாளிக் குழம்பு சுண்டி உப்புக் கரிக்கும்.

மீன் குழம்புக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. நேரம் ஆக ஆகப் புளியும் காரமும் மீனில் இறங்கும். கிளம்பும்போது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு பார்சல் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை இட்லிக்கு ஆகும்.